கை தூக்காத கோல்

பந்து வலையில் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று காலையில் இருந்தே மழை. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போல, நனைந்த வலை 'சொத்' என்றது.

மைதான ஓரத்தில் நின்ற சாப்பாட்டு வண்டியில் வெங்காயம் பொரிந்துகொண்டிருந்தது. அந்த மணமும், கால் சப்பாத்துக்குள் புகுந்த குளிர்ந்த தண்ணீரும் அப்படியே நினைவில் நிற்கின்றன. எதிரணிக் கோல்காவல்காரி விழுந்த இடத்தில் இருந்து எழும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பெரியவர்களின் ஆட்டத்தில் அது என் முதல் கோல். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

என் அணிப் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தார்கள். நான் இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றேன். சிரிக்கவில்லை. அவர்கள் வந்து கழுத்தில் தொங்கியபோதும் விளக்குக் கம்பம் மாதிரி நின்றேன்.

எதிரணி, பதினாறு வயதில் "உடம்பு காணாது" என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிய கழகம். அவர்களுடைய ரசிகர்கள் இருந்த பக்கம் முதலில் அமைதியாக இருந்தது. பிறகு அங்கிருந்து கைதட்டல் கேட்டது. கோல் வாங்கியவர்கள், கோல் அடித்தவளுக்குக் கைதட்டினார்கள்.

காற்பந்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு விளையாடிய கழகத்துக்கு எதிராகக் கோல் அடித்தால் துள்ளிக் கொண்டாடக் கூடாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாங்கள் சொல்வதை இங்கிலாந்தில் இவர்கள் கைகளைத் தொங்கவிட்டுச் சொல்வார்கள்.

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர் அந்தக் காணொளியைத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்களை விலக்கியவர்களிடம் எவ்வளவு பெருந்தன்மை!" என்று பாராட்டியிருந்தார். மன்னிக்க வேண்டும் அக்கா. எனக்கு அவர்கள் மேல் மண்ணாங்கட்டி மரியாதையும் கிடையாது. நாங்கள் அப்போது செத்தவீட்டுத் துடக்கில் இருந்தோம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி

அப்பாவுக்கு ஒரே ஓர் அண்ணன். டொராண்டோவில் இருந்தார். நான் அவரை நேரில் பார்த்தது குறைவு. ஒரு கல்யாணம், ஒரு கோடை விடுமுறை, இன்னும் ஏதோ ஒன்று. ஆனால் ஞாயிறு பின்னேரங்களில் தொலைபேசி அடித்தால் அது பெரியப்பாதான்.

அப்பாவோடு அரசியல் பேசுவார். அம்மாவோடு சமையல் பேசுவார். கடைசியில் என்னைக் கேட்பார்.

"என்ன பிள்ளை, கோல் அடிச்சனியோ?"

"இல்லை பெரியப்பா. நான் மிட்ஃபீல்ட். நான் பந்தை எடுத்துக் குடுக்கிற ஆள்."

"அதென்ன, கலியாண வீட்டிலை பந்தி பரிமாறுற மாதிரியோ? நீ சாப்பிடுறேல்லையோ?"

"பரிமாறுறதும் வேலைதான் பெரியப்பா."

"சரி சரி. வாற கிழமை அடி."

வருடக்கணக்காக இதே பேச்சு. சில நாள் எரிச்சல் வரும். என்னுடைய நல்ல ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவருக்கு விளங்கப்படுத்த முடிந்ததில்லை. இருந்தாலும், ஆட்டம் முடிந்து வந்தால் என்ன நடந்தது என்று கேட்க உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவர்தான். அப்பா கேட்க மாட்டார், கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வார். அம்மா கேட்பது "காலிலை அடி கிடி பட்டதோ?" என்பது மட்டும்.

அந்தப் பனிக்காலம் முடிகிற நேரத்தில் பெரியப்பா நித்திரையிலேயே போய்விட்டார்.

அப்பாவின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. திரும்பி வரவில்லை. அண்ணனின் செத்தவீட்டை அப்பா எங்கள் கடையின் பின்னறையில், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து, கைத்தொலைபேசியில் பார்த்தார். படம் இடையிடையே உறைந்து நின்றது. ஐயர் தேவாரம் பாடும்போது உறைந்தது. பெட்டியை மூடும்போதும் உறைந்தது. அது திரும்ப ஓடத் தொடங்கியபோது எல்லாம் முடிந்து, சனம் உட்கார்ந்திருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா தொலைபேசியை அணைத்துவிட்டு, வாசலில் காத்துநின்ற ஒருவருக்குப் பால் கொடுக்கப் போனார்.

தலையைத் திருப்பிப் பார்ப்பவள்

இடையில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெரியப்பா மாதிரி நீங்களும் பந்தியோடு நின்றுவிடுவீர்கள்.

நடுக்களத்தில் விளையாடுகிறவள் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலால் தலையைத் திருப்பி, பின்னால் யார் வருகிறார்கள், முன்னால் யார் தனியே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். நல்ல நடுக்களக்காரியை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவள் பிழை விட்டால்தான் அப்படி ஒருத்தி இருப்பது தெரியவரும்.

எனக்கு இந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே இருந்தது. பயிற்சியாளர்கள் வியப்பார்கள். நான் பின்னால் வருகிறவளைத் தேடவில்லை, அப்பாவைத் தேடினேன். தென் லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியின் பூங்கா மைதானங்களில் விளையாடிய நாட்களில், மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்பார்கள். அப்பா அந்தக் கூட்டத்துக்குள் போக மாட்டார். தூரத்து மூலைக் கொடிக்குப் பக்கத்தில், கடைச் சட்டையோடு தனியே நிற்பார். நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அவர் நின்றால் கால் லேசாக இருக்கும்.

கழகம் விலக்கிய பிறகு இரண்டு வருடம் கல்லூரி அணியில் காலம் போனது. பிறகு கிழக்கு லண்டனில் ஒரு சின்னக் கழகம் என்னைப் பரீட்சார்த்தமாக எடுத்தது. மிச்சத்தில் இருந்து ட்ராமில் விம்பிள்டன், அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் நகரத்தின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு. மற்றப் பெண்கள் கழகம் எடுத்த வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். எனக்கு அந்த வீட்டில் இடம் இல்லை, ஒப்பந்தம் உள்ளவர்களுக்குத்தான். நான் ரயிலில் மடியில் டப்பாவை வைத்து, மணம் வெளியே போகாமல் மூடியைப் பாதி திறந்து, புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு போய் வந்தேன்.

மாதக்கணக்கில் மாற்று ஆட்டக்காரியாகக் குந்தியிருந்தேன். ஒரு நாள் பயிற்சியாளர் கூப்பிட்டுச் சொன்னார். அவர் உருட்டல் புரட்டல் இல்லாத மனுசி. "ஒரு ஆட்டம் முதலில் இருந்தே உன்னை இறக்குவேன். அதைப் பார்த்துத்தான் அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கிறேனா, அனுப்புகிறேனா என்று சொல்வேன்."

அனுப்பினால் கணக்கியல் படிக்கப் போவது என்று அம்மாவோடு ஏற்கெனவே பேச்சு. இனி மூன்றாவது கழகம் தேடுகிற தெம்பு என்னிடம் இருக்கவில்லை.

அந்த ஒரு ஆட்டம் என் பழைய கழகத்தோடு. வந்ததோ துடக்குக்குள்.

அம்மாவின் நிபந்தனை

துடக்கு என்றால் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தகப்பன் வழியில் சாவு நடந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரைக்கும் கோயில் இல்லை, மீன் இறைச்சி இல்லை, நல்ல காரியம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் சாமித் தட்டுக்குத் திரை போட்டிருந்தது. ரேடியோகூடப் போடுவதில்லை.

நான் குசினியில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை வைத்துவிட்டார்.

"துடக்கு வீட்டிலை ஆட்டமோ? உனக்கு விசரே பிள்ளை?"

"அம்மா, இந்த ஒரு மேட்ச்தான் தாறா. இது இல்லாட்டி எல்லாம் முடிஞ்சுது."

"சனம் என்ன கதைக்கும்? பெரியப்பன் செத்துச் சாம்பல் ஆறேல்லை, இவள் காற்சட்டை போட்டு ஓடுறாள் எண்டு கதைக்காதே?"

அப்பா மேசையில் இருந்தார். அண்ணன் செத்ததில் இருந்து அவர் வீட்டில் பேசியது மிகக் குறைவு.

"நான் கடை திறந்தனான்தானே," என்றார்.

"கடை வேலையெல்லே, இஞ்சருங்கோ. இது விளையாட்டு."

"எங்களுக்குத்தான் விளையாட்டு. அவளுக்கு வேலை. போகட்டும் விடும்."

அப்படி ஒரு வசனத்தை அப்பா அதற்கு முன் சொன்னதே இல்லை. நான் உருளைக்கிழங்குத் தோலைக் கூட்டி அள்ளுகிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

அம்மா கத்தியைத் திரும்ப எடுத்தார். பிறகு குரல் தணிந்து சொன்னார். "சரி, போ. ஆனா கோல் கீல் விழுந்தா துள்ளிக் குதிக்கிறது, கையைத் தூக்கிறது, பாட்டுக் கூத்து ஒண்டும் வேண்டாம். உதெல்லாம் போனிலை போகுதெல்லே? கனடாவிலை பெரியம்மா பாத்தா அந்த மனிசியின்ரை மனம் என்ன பாடுபடும்?"

சனம் கதைப்பதைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. பெரியம்மாவைச் சொன்னதும் மறுபேச்சுப் பேசத் தோன்றவில்லை. அவர் தனியே அந்தப் பெரிய வீட்டில் இருந்து பார்க்கக்கூடும். நான் தலையாட்டினேன்.

எப்படியும் நான் கோல் அடிக்கப் போவதில்லையே என்றும் ஒரு நினைப்பு.

கதிரையில் ஏறிப் பாடு

அன்று மூலைக் கொடிப் பக்கம் யாரும் இல்லை. பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். துடக்கோடு கூட்டத்துக்குள் வர அப்பாவுக்கு மனம் இல்லை. கடையில் இருந்து தொலைபேசியில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஆட்டம் எனக்கு நன்றாகவே போனது. கேட்ட இடத்தில் பந்து வந்தது, நினைத்த இடத்துக்குப் போனது. இரண்டாம் பாதியில் மூலையில் இருந்து வந்த பந்தை அவர்கள் தலையால் முட்டி வெளியே தள்ள, அது துள்ளிக்கொண்டு நேரே என் இடது காலுக்கு வந்தது. பரிமாறுவதற்கு ஆளைத் தேட நேரம் இல்லை. அடித்தேன். மீதிக் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. கைகளைத் தொங்கவிட்டு நிற்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அவை தாங்களாகவே மேலே போகப் பார்த்தன. விரல்களைத் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

ஒன்றுக்குப் பூச்சியம். அப்படியே முடிந்தது.

வெளியே போகும்போது பழைய கழகத்துப் பயிற்சியாளர் ஓடிவந்து கையை நீட்டினார். "அருமையான பண்பு. எங்களிடம் வளர்ந்த பிள்ளை அல்லவா," என்றார்.

"அது உங்களுக்காக இல்லை," என்றேன்.

அவர் சிரித்து என் தோளில் தட்டினார். அடக்கம் என்று நினைத்திருப்பார். தங்களில் பிழை காணாதவர்களுக்கு உலகத்தில் எல்லாமே வசதியாகத்தான் விளங்கும்.

உடைமாற்றும் அறையில் வேறொரு வழக்கம் காத்திருந்தது. முதல் கோல் அடித்தவள் கதிரையில் ஏறிப் பாட வேண்டும். டெனிஸ் என்று எங்கள் அணித்தலைவி, ஆறடி உயரம், தங்கமான மனுசி. என்னைக் கைக்குழந்தை போலத் தூக்கிக் கதிரையில் நிறுத்திவிட்டாள். எல்லோரும் அலமாரிக் கதவுகளில் தாளம் போட்டார்கள்.

"பாடு! பாடு!"

மாதக்கணக்காக அந்த அறையில் நான் ஒரு மூலையில் உடை மாற்றிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். பாடியிருக்கலாம். பெரியம்மாவுக்கு அந்த அறை தெரியப் போவதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போல இருந்தது.

"என்னால் முடியாது," என்றேன்.

"முடியாது என்று சொன்னவள் இந்த அறையில் கிடையாது!"

"என் அங்கிள் செத்துவிட்டார்."

தாளம் நின்றது. டெனிஸ் மெல்லக் கேட்டாள். "இன்றைக்கா?"

"இல்லை. போன மாதம்."

அவர்களுக்கு விளங்கவில்லை. அங்கிள் என்றால் நத்தார் பண்டிகைக்குப் பரிசு அனுப்புகிற ஒரு மனிதர். பெரியப்பா என்றால் அப்பாவுக்கு மேலே இன்னொரு அப்பா என்பதையும், சாமித் தட்டின் திரையையும், அம்மாவின் நிபந்தனையையும் கதிரையில் நின்றபடி எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

"மிகவும் நெருக்கமானவரா?" என்றாள்.

எத்தனையோ நாள் அந்தக் கேள்வியை யோசித்திருக்கிறேன். நேரில் கண்டது கொஞ்சம். பேசியது எல்லாம் ஒரே பேச்சு. நெருக்கம் என்று அதைச் சொல்லலாமா?

"தெரியாது," என்றேன்.

டெனிஸ் என்னை இறக்கிவிட்டாள். யாரோ பாட்டுப் பெட்டியை நிறுத்தினார்கள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. வென்ற ஒரு அறை என்னால் செத்தவீடு ஆனது. குளிக்கும் இடத்துக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, உடுப்போடு நிலத்தில் குந்தியிருந்தேன். அவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள்.

ஞாயிறு பின்னேரம்

டிஸ்ட்ரிக்ட் லைனில் கூட்டம் இல்லை. ஈரப் பையைக் காலுக்கிடையில் வைத்து, ஜன்னல் பக்கம் இருந்தேன். கழகத்தின் இணையப் பக்கத்தில் என் படத்தைப் போட்டு, "மரியாதை" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

பெரியப்பா தொலைபேசி எடுக்கும் நேரம் அது. எனக்குத் தெரியும், வராது என்று. இருந்தும் தொலைபேசியை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தேன். அன்றைக்குத்தானே சொல்ல ஒரு பதில் இருந்தது. "ஓம் பெரியப்பா, அடிச்சனான்." அதை யாரிடம் சொல்வது? சனம் ஏறியது, இறங்கியது. விம்பிள்டன் வரைக்கும் அழுதுகொண்டு போனேன். லண்டனில் ரயிலில் அழுதால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அது ஒரு வசதி.

கடைக்குள் போனேன். அப்பா கல்லாவில் நின்றார்.

"பாத்தனான்," என்றார்.

நான் தலையாட்டினேன். ஒரு கிழவர் லொத்தர் டிக்கெட் கேட்டார். அப்பா அவர் பக்கம் திரும்பினார். கடைக்கு மேலே வீட்டில் அம்மா சோறும் சொதியும் வைத்துத் தந்தார். "காலிலை அடி ஒண்டும் படேல்லைத்தானே?" என்றார். கோலைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

பயிற்சியாளரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் திரும்பவும் குந்தியிருந்தேன்.

மதிய போசனம்

கனடாவில் மகன்மார் அந்தியேட்டி செய்த அன்று, நாங்களும் மிச்சத்தில் ஒரு சின்ன மண்டபம் எடுத்து, தெரிந்தவர்களுக்கு மதிய போசனம் கொடுத்தோம். ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து தண்ணீர் தெளித்தார். டூட்டிங் தமிழ்க் கடையில் இருந்து வந்த வடை இன்னும் சூடாக இருந்தது.

நான் சேலையைச் செருகிக்கொண்டு பந்தி பரிமாறினேன். அப்பளப் பெட்டியோடு நின்றபோது தொலைபேசியில் பயிற்சியாளரின் செய்தி வந்தது. "நாளை அலுவலகத்துக்கு வா. அடுத்த இரண்டு பருவமும் நீ எங்களோடுதான்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். பக்கத்தில் ஒரு மாமி "பிள்ளை, எனக்கு அப்பளம்," என்றார். கொடுத்தேன். செத்தவரின் படத்துக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது? பாயசம் முடிந்து, கடைசி ஆள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போகும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா பின்பக்கக் கார் தரிப்பிடத்தில் குப்பைப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நான் தொலைபேசியை நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் திருப்பித் தரவில்லை.

"துடக்குக் கழிஞ்சுது," என்றார்.

"ஓம் அப்பா."

"இப்ப துள்ளு."

"என்னண்டு?"

"அண்டைக்குத் துள்ளேல்லைத்தானே. இப்ப துள்ளு பிள்ளை. ஒருத்தரும் இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. சேலையோடு, குப்பைப் பைகளுக்கு நடுவில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். தோள் வரைக்கும்தான் வந்தது. அந்தத் துள்ளல் எனக்குள் எங்கேயும் இல்லை.

"ஏலாது அப்பா. அது போயிட்டுது."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். துள்ளினார். செருப்பு 'பட்' என்று நிலத்தில் அடித்தது. இன்னொரு முறை துள்ளினார். "கோல்!" என்று கத்தினார். செத்தவீட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் பார்த்த அன்று அழாத மனிதரின் முகம் முழுக்கக் கண்ணீராக இருந்தது.

நான் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிற்கவில்லை. அவர் துள்ள, அவரோடு சேர்ந்து என் காலும் நிலத்தை விட்டு எழும்பியது.

அம்மா கழுவிய அண்டாவோடு கதவடிக்கு வந்தார். "ஐயோ, என்ன உது ரெண்டு பேரும்? ஆரும் பாத்தா!"

"பிள்ளை கோல் அடிச்சிட்டாள்," என்றார் அப்பா, மூச்சு வாங்கியபடி.

"அது எப்பவோ அடிச்சதெல்லே?"

"ஓம். அண்ணை இருந்திருந்தா அண்டைக்கே கத்தியிருப்பார்," என்று சொல்லிவிட்டு, அப்பா மறுபடியும் துள்ளினார்.